முறுக்கா, சுற்றா, நெளிவா? சரியான ஆங்கிலச் சொல்லைப் பிடிக்க ஒரு வழி

போன வருடம் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்காக வால்பாறை பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை. அது மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது என்று சொல்ல, 'வைண்ட்' என்ற வினையோடு பழக்கதோஷத்தில் இறந்தகால 'எட்' சேர்த்துவிட்டேன். அச்சாகி வந்தபிறகு ஒரு நண்பர் கூப்பிட்டு, "ஏங்க, சாலைக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். 'விண்டட்' என்றால் மூச்சு வாங்கிப்போனது என்று அர்த்தமாம்.

அந்த அவமானத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்த வழி இது. ஒத்தசொல் பட்டியல்களை மனப்பாடம் செய்துபார்த்தேன், பலனில்லை. பட்டியலில் இருபது சொல் இருக்கும், எது எங்கே வரும் என்று இருக்காது. அதனால் ஒத்தசொல் அகராதியை முதலில் மூடி வையுங்கள்.

படி 1: தமிழ் வினையைக் கேளுங்கள்

ஒரு முழம் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் அது முறுக்கு. ஆங்கிலத்தில் 'ட்விஸ்ட்'. அதே கயிற்றை விரலைச் சுற்றிப் போட்டால் சுற்று: 'வைண்ட்'. தரையில் வைத்து ஒரு முனையை ஆட்டினால் கயிறு நெளிகிறது. இதற்குத்தான் ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள், பின்னால் வருகிறேன்.

சந்தேகம் வந்தால் கைமுறுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி மாவை விரல்களுக்கு நடுவில் முறுக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றுவார். இழைக்கு நடப்பது 'ட்விஸ்ட்', வட்டம் வட்டமாக அடுக்குவது 'காயில்'. நாம் "முறுக்கு சுற்றுவது" என்று சொல்லும்போதே இரண்டு வினையும் வந்துவிடுகிறது. 'ட்விஸ்ட்' என்ற சொல்லுக்குள் ஆங்கில 'டூ', அதாவது இரண்டு, ஒளிந்திருக்கிறது. இரண்டு இழை சேர்ந்தால்தானே முறுக்கு?

படி 2: 'வைண்ட்' என்ற கண்ணி

நான் விழுந்த இடம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரே எழுத்துகளை 'விண்ட்' என்று படித்தால் காற்று, 'வைண்ட்' என்று படித்தால் சுற்று. சுற்றின் இறந்தகாலம் 'வவுண்ட்'. அதே எழுத்துகளை 'வூண்ட்' என்று படித்தால் காயம். எழுத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது, வாக்கியத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

எனக்கு நிலைத்த நினைவுக்குறிப்பு கேசட். பென்சிலை விட்டு டேப்பைச் சுற்றியவர்கள் யாரும் 'ரீவிண்ட்' என்று சொன்னதில்லை, 'ரீவைண்ட்'தான். சுற்றுகிற வேலை என்றால் 'வைண்ட்', முடிந்துபோனால் 'வவுண்ட்'. 'எட்' பக்கமே போகாதீர்கள்.

படி 3: நெளிவது யார், ஏன்?

தமிழில் புழுவும் நெளியும், ஆறும் நெளியும், பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையும் நெளிவார். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு சொல். மண்புழுவுக்கு 'ரிகில்'. கால் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் பாம்புக்கு 'ஸ்லிதர்'. கூச்சத்தில் நாற்காலியில் நெளிந்தால் 'ஸ்குவர்ம்'. வலியில் துடித்து நெளிந்தால் 'ரைத்'. கூச்சப்படும் மாப்பிள்ளைக்கு 'ரைத்' போட்டால், காப்பியில் யாரோ விஷம் கலந்த மாதிரி ஆகிவிடும்.

'ரிகில்', 'ரைத்' இரண்டையும் எழுதிப் பாருங்கள். டபிள்யூ, ஆர் சேர்ந்து தொடங்கும், டபிள்யூவுக்கு ஒலி கிடையாது. இந்த ஜோடியில் தொடங்கும் பழைய ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் ஒரு திருகல் இருக்கிறது: துணி பிழிவதற்கு 'ரிங்', பூ வளையத்துக்கு 'ரீத்', மணிக்கட்டுக்கு 'ரிஸ்ட்', பைப்பைத் திருகும் 'ரெஞ்ச்'. துணி பிழிவதை மட்டும் மோதிரத்தின் 'ரிங்'கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆற்றுக்கு 'மியாண்டர்'. துருக்கியின் தென்மேற்கில் ஓடி ஏஜியன் கடலில் கலக்கும் ஒரு ஆற்றைப் பழைய கிரேக்கர்கள் மயாண்ட்ரோஸ் என்றார்கள். இன்று அதன் பெயர் பியூயுக் மெண்டெரெஸ். அது அவ்வளவு வளைந்து ஓடியதால் ஊர்பேர் தெரியாத ஆறுகளுக்கும் அதன் பெயரே வினையாகிவிட்டது. சமவெளியில் வெளிக்கரையை அரித்து உள்கரையில் மணலைப் போட்டபடி நிதானமாக வளைகிற ஆறு என்று மனதில் வையுங்கள். அவசரம் இல்லாத வளைவு. வால்பாறைச் சாலைக்கு அது பொருந்தாது.

படி 4: படத்தைத் தேடுங்கள்

ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் அதைக் கூகுள் படத் தேடலில் போடுங்கள். வடிவச் சொற்களுக்கு இதைவிட நல்ல அகராதி இல்லை என்பது என் கட்சி. உங்கள் மனதில் இருக்கும் வடிவம் முதல் வரிசையில் வரவில்லை என்றால் சொல் தப்பு. அப்புறம் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் உச்சரிப்பைக் கேட்டு, உதாரண வாக்கியத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வளைந்து வளைந்து போகும் பாதைக்கு 'டார்ச்சுவஸ்' என்று ஒரு சொல் உண்டு. நடுவில் ஒரு ஆர் கூடினால் 'டார்ச்சரஸ்', சித்திரவதை. இரண்டும் முறுக்குவதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை, பைக் ஓட்டுபவர்கள் பேசும் 'டார்க்'கும், அதாவது இன்ஜினின் திருகுவிசையும், அப்படித்தான். "டார்ச்சர் பண்ணாதே" என்று அடுத்த முறை சொல்லும்போது, "முறுக்காதே" என்கிறீர்கள்.

பின்னர் சேர்த்தது: 'ஸ்பைரல்', 'ஹெலிக்ஸ்' வித்தியாசம் என்ன என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கொசுவத்தி 'ஸ்பைரல்': நடுவிலிருந்து விலகிக்கொண்டே போகும். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் 'ஹெலிக்ஸ்': அகலம் மாறாமல் மேலே ஏறும். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவுக்குச் சொன்ன வடிவம் இதுவே, இரட்டையாக. அப்படிப் பார்த்தால் மாடிக்குப் போகும் சுழல் படிக்கட்டும் 'ஹெலிக்ஸ்'தான். ஆனால் ஆங்கிலேயர்களே அதை 'ஸ்பைரல் ஸ்டேர்கேஸ்' என்கிறார்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று: 'காயில்' நம் கயிற்றிலிருந்து போனதா என்று ஒருவர் கேட்டார். நானும் நம்பியிருந்தேன். இல்லை, அது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன். ஆனால் 'செரூட்' நம் சுருட்டேதான்.

கடைசியாக, அச்சில் பிழியும் முறுக்கில் இழையை யாரும் முறுக்குவதே இல்லையே என்று ஒரு அம்மா பிடித்துவிட்டார். சரிதான். அதற்கு வெறும் 'காயில்' மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.