மழைக்காலத்தில் இருண்ட திரை

மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் வீட்டுக் கணினி, ஜூலை மழையில் பத்து நாள் அணைந்து கிடந்த பிறகு, விசிறி சுழன்றும் திரையில் எதையும் காட்டவில்லை. மானிட்டரையும் எச்டிஎம்ஐ கேபிளையும் மடிக்கணினியுடன் இணைத்தபோது படம் தெளிவாக வந்ததால், பழுது பெட்டிக்குள்தான் என்று உறுதியாயிற்று. மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, கணினியின் நினைவகப் பலகைகளான இரண்டு ரேம்களையும் கழற்றினேன். அவற்றின் பொன்னிற முனைகள் ஈரக்காற்றில் மங்கியிருந்தன. மகளின் பென்சில் அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, துகளைத் துணியால் துடைத்து (வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்), ஒன்றை மட்டும் கொக்கி பூட்டும்வரை அழுத்திப் பொருத்தினேன். படம் வந்தது. மற்றதையும் சேர்த்தபோது திரை மீண்டும் இருண்டே நின்றது. கணினி நினைவகத்தைப் புதிதாகச் சோதிக்கிறது என்பதை உணராமல் அணைக்கப் போன கையை, அரை நிமிடத்தில் தோன்றிய முகப்புப் படம் தடுத்தது.