பழைய சோனி ஏ6000 வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பயணத்துக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு, 2014இல் வெளிவந்த சோனி ஏ6000 கேமரா இன்றும் தாராளமாகப் போதும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு) வேகமான ஆட்டோஃபோகஸும் அதில் உண்டு. தொடுதிரையும் 4கே வீடியோவும் கிடையாது. இவை இல்லாமல் சமாளிக்க முடியும் என்றால், சொந்த மெமரி கார்டும் கைபேசியும் எடுத்துக்கொண்டு, பகல் வேளையில் விற்பவரைச் சந்தியுங்கள்.

முதலில் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைபேசியின் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். அது பெரிய குறையன்று. சிலந்தி நூல் போலக் கிளைத்துப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நான் முதன்முதலாக வாங்கிய பழைய லென்ஸைக் கடையின் மங்கலான விளக்கில் பார்த்துத் திருப்தியடைந்து, மறுநாள் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபோதுதான் விளிம்பில் அந்த நூல்களைக் கண்டேன். சென்னை போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள்.

அடுத்து லென்ஸை மாட்டி கேமராவை இயக்குங்கள். உடன் வரும் 16-50 லென்ஸ் மோட்டாரால் தானாக நீளும். ஜூமைப் பத்து முறையாவது முன்னும் பின்னும் நகர்த்தி, அது திக்கினாலோ கரகரத்தாலோ அந்த லென்ஸை விட்டுவிடுங்கள்.

பிறகு டயலை, லென்ஸின் துளை அளவை நாமே தேர்ந்தெடுக்கும் ‘ஏ’வில் வைத்து, துளையை எஃப்/22 என்று சிறிதாக்கி, ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100 என அமைத்து, வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளிகள் சென்சார் மீதுள்ள தூசி. ரப்பர் ஊதியால் பெரும்பாலும் போய்விடும். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நேர்கோடு விழுந்தால் சென்சாரே சேதமடைந்திருக்கலாம். மேடை நிகழ்ச்சிகளின் லேசர் ஒளிகூட அப்படிச் செய்துவிடும். அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) எத்தனை முறை இயங்கியது என்பதைக் கோப்பின் எண்ணை வைத்துக் கணிக்காதீர்கள். 9999க்குப் பிறகு அது மறுபடி 1இலிருந்து தொடங்கும். என்னைக் கேட்டால், பூஞ்சைக்குப் பயப்படுவதில் பாதிகூட ஷட்டர் எண்ணிக்கைக்குப் பயப்படத் தேவையில்லை.

கடைசியாக, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்து, பில்லில் உள்ள வரிசை எண்ணைக் கேமராவில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.