ஒகேனக்கல்லுக்கு ஒரு நாள்: நீர்வரத்தைப் பார்த்துப் புறப்படுங்கள்

ஒகேனக்கல் செல்ல நினைப்பவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கனஅடி என்பதைத்தான். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் அவ்விடத்தில் மத்திய நீர்வள ஆணையம் நீரை அளக்கிறது. அந்த அளவு நாளிதழ்களில் தவறாமல் வெளிவருகிறது. தருமபுரியில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும், குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையால் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், இங்கே அருவிகள் இருக்குமிடமே தெரியாதபடி பாறைகள் மூழ்கிவிடும். அப்போது குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். எனவே முந்தைய இரண்டு மூன்று நாட்களில் வரத்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்து, ஏறுமுகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் இத்தகைய தடை அடிக்கடி வரும். ஆடிப்பெருக்கையொட்டிக் கூட்டமும் மிகுந்திருக்கும். வெள்ளம் தணிந்த பிறகு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வார நாள் ஒன்றில் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். கோடையில் அருவிகள் மெலிந்திருந்தாலும், ஆற்றின் வேகம் குறைந்திருப்பதால் பரிசல் பயணம் அமைதியாக அமையும்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர். பேருந்து வசதி உண்டு. பெங்களூர், ஓசூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகவும் வரலாம். அது காட்டுச் சாலை என்பதால் பகலில் மட்டுமே பயணம் செய்யுங்கள். எவ்வழியில் வந்தாலும் காலை ஒன்பது மணிக்குள் ஒகேனக்கல்லை அடைந்துவிட்டால், வெயில் ஏறுவதற்கு முன்பும் பரிசல் துறையில் வரிசை நீளுவதற்கு முன்பும் நாளைத் தொடங்கலாம்.

வந்தவுடன் பரிசலுக்குச் செல்லுங்கள். குளியலும் சாப்பாடும் பிறகு ஆகட்டும். மலைகளுக்கிடையே வரும் காவிரி இங்கே பல கிளைகளாகப் பிரிந்து, பாறை விளிம்புகளிலிருந்து பல அருவிகளாக விழுந்து, மீண்டும் ஒன்றுகூடி இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் எழும் குறுகிய பள்ளத்தாக்கில் ஓடுகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அருவிகளின் ஒரு பகுதிதான் தெரியும். அந்தச் சுவர்களின் உயரமும், நீர் விழும் ஓசை அவற்றில் மோதித் திரும்புவதும் ஆற்றின் மட்டத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். மூங்கில் சட்டத்தின் மேல் முற்காலத்தில் தோலைப் போர்த்திய பரிசலுக்கு இப்போது பிளாஸ்டிக் தாள் போர்த்துகிறார்கள். வட்டமான அந்தக் கலத்தை ஒற்றைத் துடுப்பால் சுழலிலும் நேராகச் செலுத்தும் பரிசல் ஓட்டிகளின் திறமை பெரும் மதிப்புக்குரியது. அவர்கள் சொல்லும் இடத்தில் சொல்லும்படி அமருங்கள். நடுவில் எழுந்து நிற்காதீர்கள். சீட்டைக் கட்டணச் சாளரத்தில் மட்டும் வாங்குங்கள். உயிர்காக்கும் மேலங்கி தராத பரிசலிலும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் பரிசலிலும் யார் வற்புறுத்தினாலும் ஏறவே கூடாது.

குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்துக்கொள்வது இங்குள்ள நெடுநாள் வழக்கம். கரையோரம் தேய்த்துவிடுபவர்கள் இருப்பார்கள், கூலியை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். அருவியில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் குளியுங்கள். அமைதியாகத் தோன்றும் ஆற்றுப் பகுதிகளில் ஆழமும் சுழலும் வெளியே தெரிவதில்லை, முதலைகளும் உண்டு. எண்ணெய்க் காலோடு பாறையில் நடப்பவர்களும், படம் எடுப்பதற்காகப் பாறை விளிம்புக்குச் செல்பவர்களும் வழுக்கி விழுந்தால் மீட்பது மிகக் கடினம். குழந்தைகளின் கையை ஒரு கணமும் விடாதீர்கள்.

மதிய உணவுக்கு மீன்தான். சந்தையில் மீனை நீங்களே பார்த்து வாங்கிக் கொடுத்தால், விறகடுப்பில் குழம்பு வைத்தும் வறுத்தும் தரும் பெண்கள் அங்கே உள்ளனர். குளிக்கப் போகும் முன்பே மீனைக் கொடுத்துவிட்டால் காத்திருக்க நேராது.

நேரம் மிஞ்சினால் தொங்கு பாலத்துக்கும் வனத்துறையின் முதலைப் பண்ணைக்கும் போய்வரலாம். ஆனால் பென்னாகரம் செல்லும் மலைப்பாதையில் யானைகள் கடக்கும் இடங்கள் இருப்பதால், மாலை ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள். வழியில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்; கொண்டுவந்த பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.