கின்சாவின் சுஷிக் கடையில் உண்ணும் முறை

வினிகர் கலந்த சோற்றின் மேல் மீன் துண்டை வைத்துப் பிடிக்கும் ஜப்பானிய உணவு சுஷி. டோக்கியோவின் கின்சா பகுதியில் பெயர்பெற்ற சுஷிக் கடைகள் பல, ஏதோ ஒரு கட்டடத்தின் நிலவறையிலோ மேல்மாடியிலோ, எட்டுப் பத்து இருக்கைகள் மட்டும் போடப்பட்ட ஒரு நீண்ட மர மேடையாக ஒதுங்கியிருக்கும். அங்கே பெரும்பாலும் உணவுப் பட்டியல் இராது. எதை, எந்த வரிசையில் பரிமாறுவது என்பதைச் சமையற்காரரே முடிவுசெய்யும் இம்முறைக்கு ஓமாகாசே என்று பெயர்.

இடத்தை முன்பதிவு செய்யாமல் போவது வீண். தெரியாத விருந்தினரின் அழைப்பை ஏற்கத் தயங்கும் கடைகளும் உண்டு என்பதால், தங்கியிருக்கும் விடுதியின் வரவேற்பாளர் மூலம் கேட்பதே எளிய வழி. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையையும் வசூலிக்கக்கூடும். தொயோசு மீன் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல புதன்கிழமைகளிலும் விடுமுறை. அந்த நாட்களில் கடைகள் பலவும் மூடியிருக்கும். செலவைக் குறைக்க விரும்புவோர் மதிய உணவுக்குச் செல்லலாம்.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஒரு சொல்: மீனை மட்டும் விலக்கிவிட்டால் போதும் என்று எண்ணி இங்கே செல்ல வேண்டாம். ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷி, பெரும்பாலும் உலர்த்திச் சீவிய கட்சுவோ மீனில் இறக்கப்படுவது. மிசோ சூப்பிலும் முட்டை அடையிலும்கூட அது கலந்திருக்கும். புத்த மடாலயங்களின் ஷோஜின் உணவு அவர்களுக்கு ஏற்றது. ஒவ்வாமை முதலியவற்றை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். மேடையில் அமர்ந்தபின் சொல்வது, அன்றைய மீன்களைக் காலையிலேயே வாங்கி வைத்துவிட்ட சமையற்காரரைச் சங்கடப்படுத்தும்.

பல கடைகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறத் தொடங்குவார்கள் என்பதால் ஐந்து நிமிடம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். மீனின் மணத்தை மறைத்துவிடும் வாசனைத் திரவியத்தைத் தவிருங்கள். ஹினோகி மரத்தாலான மேடை மென்மையானது; கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தால் அதில் கீறல் விழாது. முதலில் தரப்படும் ஈரத் துண்டு கைகளுக்கு மட்டுமே, முகத்துக்கு அன்று.

சுஷியைக் கையால் எடுத்து உண்பது முற்றிலும் முறையானதே என்பது நம்மவர்க்கு ஆறுதல் தரும். குச்சிகளைப் பயன்படுத்துவோர் அவற்றைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தவோ, உணவைக் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றவோ கூடாது. இரண்டும் இறுதிச் சடங்குகளை நினைவூட்டுபவை.

மிக முக்கியமானது வேகம். வினிகர் கலந்த சோறு உடற்சூட்டிலும் மீன் சற்றுக் குளிர்ந்தும் இருக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே ஒவ்வொரு துண்டும் பிடிக்கப்படுகிறது. கல்லிலிருந்து இறங்கிய தோசையை ஆறவிடுவது எவ்வளவு வீணோ அவ்வளவு வீண், அதை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது. படம் எடுக்க அனுமதி கேட்டு, கிடைத்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே வாயில் உண்ணுங்கள். சமையற்காரர் மேலே சுவையூட்டிய சோயாவைத் தடவி, வசாபி என்னும் காரமான பச்சை விழுதையும் உள்ளே வைத்துத் தருவதால், அதை மீண்டும் சோயாவில் தோய்ப்பது அவர் அளந்து வைத்த சுவையைக் குலைப்பதாகும். தோய்க்கச் சொல்லித் தரும் துண்டுகளில் மட்டும், சோறு படாமல் மீன் பக்கத்தைத் தொட்டெடுங்கள். ஊறவைத்த இஞ்சி, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நாவைத் துடைக்கவே தவிர மேலே வைத்து உண்ண அன்று.

பொதுவாக மென்சுவை வெண்மீன்களில் தொடங்கி, கொழுப்பு மிகுந்த சூரை வரை வரிசை ஏறும். சூரையின் வயிற்றுப் பகுதியான ஓதோரோவைப் பலரும் ஆவலுடன் எதிர்பார்ப்பார்கள். ஆனால் கடையின் திறமையை அறிய விரும்புபவர் கோஹதாவைக் கவனிக்க வேண்டும் என்பேன்: டோக்கியோ ‘எடோ’ என்று அழைக்கப்பட்ட, குளிர்பதனம் இல்லாத காலத்திலிருந்து வரும் முறைப்படி, அந்தச் சிறு மீனை உப்பிலும் வினிகரிலும் எவ்வளவு நேரம் வைப்பது என்பது, அன்றைய மீனின் பருமனையும் கொழுப்பையும் பார்த்து முடிவாவது. நல்ல மீனை விலைகொடுத்து வாங்கலாம், அந்தக் கணிப்பை வாங்க முடியாது.

முட்டை அடை வந்தால் உணவு முடியும் தறுவாயில் இருக்கிறது என்று கொள்ளலாம். இன்னொரு முறை உண்ண விரும்பும் துண்டை அப்போது கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஜப்பானில் அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. நன்றி சொல்ல 'கொச்சிசோசமா தெஷ்தா' என்பது போதும். இரவில் இரண்டு பந்தி நடத்தும் கடைகளில், தேநீர் முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.