ஜாம் போத்தல் விளக்கு செய்யும் முறை (யாழ்ப்பாணம் குருநகர், 1990–95)

முதலில் போத்தல். வாய் அகன்ற, குட்டையான கண்ணாடிப் போத்தல் வேண்டும். எம்.டி. ஜாம் வந்த போத்தல்தான் சரியான அளவு. ஹோர்லிக்ஸ் போத்தல் உயரம் கூட, அடியில் காற்றுப் போதாமல் சுடர் திணறும். குருநகரில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கடற்றொழில் வீடுகள், ஜாம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் 1990 யூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் திரும்பச் சண்டை தொடங்கிக் கரண்ட் போன பிறகு, வீட்டுக்கு ஒரு ஜாம் போத்தல் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

அரிக்கன் லாம்பு இருக்க இது எதற்கு என்றால், எண்ணெய்தான் காரணம். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எதையும் வடக்குக்கு விடவில்லை. மண்ணெண்ணெய் கிளாலிக் கடனீரேரியால் படகில், கான்களில் வந்து சேரும்போது கொழும்பு விலையின் பல மடங்காகியிருக்கும். அப்பா இரவுத் தொழிலுக்குக் கொண்டுபோகும் பெற்றோல்மாக்ஸ் வளையில் தொங்கியபடியே துருப்பிடித்தது. அது ஓரிரவில் குடிக்கிற எண்ணெய் இந்த விளக்குக்குப் பல இரவுக்குக் காணும்.

போத்தலைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் சுடர் வெடித்து வெடித்து எரியும். அடியில் ஒரு விரல் தடிப்புக்குப் பஞ்சு பரப்புங்கள். கிழிந்த தலையணையின் இலவம்பஞ்சு போதும். அடுத்தது திரி பிடிக்கிற குழாய். பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வை வெட்டி எடுத்து, றப்பரை உரித்து, உள்ளே இருப்பதையும் கழற்றிவிட்டால் பித்தளைக் குழாய் மிஞ்சும். மீன் ரின் தகரத்தில் விரலகலத் துண்டு ஒன்று வெட்டி, நடுவில் ஆணியால் துளைத்துக் குழாயைச் செருகி, இரு பக்கமும் கால் போல மடித்துவிடுங்கள். தகரம் கையை அறுக்கும், விளிம்பைக் கல்லில் தேய்த்துவிட்டுப் பிடியுங்கள்.

திரிக்குப் பருத்தி மட்டும். பழைய வேட்டிக் கரை, பெனியன் துணி எல்லாம் நல்லது. வீட்டில் வலை நூல் குவிந்து கிடக்கிறதே என்று அதை எடுக்கக்கூடாது, நைலோன் உருகி ஒழுகும். திரி குழாய்க்குள் இறுக்கமில்லாமல் போகவேண்டும். இறுகினால் எண்ணெய் ஏறாது. கீழ்நுனி பஞ்சில் படுத்திருக்க, மேல்நுனி குழாய்க்கு வெளியே நெல்மணியளவு மட்டும் தெரியட்டும். அதற்கு மேல் இழுத்தால் வெளிச்சம் கூடாது, புகைதான் கூடும்.

எண்ணெய் விடுவதுதான் முக்கியமான இடம். அம்மம்மா சோடா மூடியால் அளந்துதான் விடுவா. பஞ்சு ஊறியதும் போத்தலைச் சரித்துப் பாருங்கள். ஒரு சொட்டும் ஓடக்கூடாது. ஓடினால் இன்னும் கொஞ்சம் பஞ்சு போட்டு உறிஞ்சவிடுங்கள். சிக்கனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிற வீட்டில் யாராவது தட்டிவிட்டால், குப்பி விளக்கு எண்ணெயைக் கொட்டிப் பாயை எரிக்கும். இது உருண்டாலும் எண்ணெய் பஞ்சோடு நின்றுவிடும். எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ எண்ணெய் விடவே கூடாது. பெற்றோல், தின்னர் எதையும் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

கொளுத்துவதற்கு நீளமான ஈர்க்கு. நெருப்புக்குச்சியை உள்ளே விட்டால் விரல்தான் சுடும். அணைப்பதற்கு ஊதத் தேவையில்லை, வாயில் ஒரு தட்டை வைத்தால் தானாக நூர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இது என் வேலை. பக்கத்தில் எப்போதும் ஒரு எனாமல் தட்டு இருக்கும். 1990 ஓகஸ்டில் இராணுவம் எங்களுக்கு எதிரே இருக்கிற மண்டைதீவைப் பிடித்த பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கடற்பக்க யன்னலுக்கு அம்மாவின் தடித்த சீலையை இரண்டாக மடித்துக் கட்டியிருந்தோம். ஹெலிச் சத்தம் கேட்டால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டா, என்னைப் பார்ப்பா. நான் தட்டை வைப்பேன்.

விளக்கைத் தரையில் வையுங்கள், அல்லது கவிழ்த்த பேணியின் மேல். உயரத் தட்டில் வேண்டாம். 1993 நவம்பரில் யாகப்பர் கோயிலில் விமானக் குண்டு விழுந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் கண்ணாடிச் சாமான் எதையும் யாரும் உயரத்தில் வைக்கவில்லை. பங்கருக்குள் கொண்டுபோவதென்றால் படி இறங்கித் திரும்புகிற மூலையோடு நிறுத்துங்கள். உள்ளே வைத்தால் புகையில் குழந்தைகள் இருமத் தொடங்கிவிடும்.

இரண்டு மூன்று பேர் படிக்கவேண்டும் என்றால் போத்தலுக்குப் பின்னால் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எடுக்கிற அக்காவுக்கு நேர் முன்னால் இடம், எங்களுக்குப் பக்கவாட்டில். காலையில் மூக்கைத் துடைத்தால் துணி கறுப்பாகும். அதற்கு அந்த நாளிலும் வழி இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

கரி பிடித்த போத்தலைச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்தால் போதும். சவர்க்காரம் அப்போது உடுப்புக்கே இல்லை, பனங்களியில் தோய்த்த காலம். கண்ணாடியில் கீறல் கண்டால் அந்தப் போத்தலை எறிந்துவிடுங்கள், சூட்டில் வெடிக்கும். திரி கருகக் கருகக் கத்தரியால் நுனியை மட்டத்துக்கு வெட்டுங்கள். சரிவாக வெட்டினால் ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் கறுக்கும்.

இப்போது பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதென்றால் ஒன்று. வீட்டு லைற்றை நிறுத்திக் கண் இருட்டுக்குப் பழகியபிறகு கொளுத்துங்கள். உடனே கொளுத்தினால் “இதிலையா படிச்சனீங்கள்?” என்று கேட்டுவிட்டு போனை எடுத்துக்கொள்வார்கள்.