குளியலறைச் சுவருக்கு விட்ரிஃபைடு: டைல்ஸ் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பெங்களூர் ராமமூர்த்தி நகரில் ஒரு புது வீட்டின் வேலையைப் பார்க்கப் போனேன். மேஸ்திரி திருப்பத்தூர்ப் பக்கத்து இளைஞர். பல ஆண்டுகள் கையாளாக இருந்துவிட்டு முதன்முதலாகச் சொந்தப் பொறுப்பில் எடுத்த வேலை. குளியலறைச் சுவருக்கு வந்த இரண்டடிக்கு நான்கடி விட்ரிஃபைடு டைல்ஸைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துக் குழாயால் நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிமென்ட் கலவை தயாராக இருந்தது.

“எதற்குத் தம்பி நனைக்கிறீர்கள்?”

“சுவர் டைல்ஸை ஊற வைத்துத்தான் ஒட்ட வேண்டும் என்று எங்கள் மேஸ்திரி சொல்லுவார், அண்ணா.”

எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நம்பி 2011-இல் ஹொரமாவில் ஒரு வீட்டில் நான் செய்த வேலைக்கு, இரண்டு வருடம் கழித்து என் கையிலிருந்து பணம் கொடுத்தேன். அதே தவறு இன்றும் பெங்களூரில் தெருவுக்குத் தெரு நடப்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. அளவெடுக்காமல் கடைக்குப் போகக்கூடாது, குளியலறைத் தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் ஆகாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விட்ரிஃபைடு வாங்கிச் சிமென்டில் ஒட்டுவது

கடையில் சாதாரணச் சுட்டமண் டைல்ஸான செராமிக்கும், கண்ணாடிபோல இறுகும்வரை சுட்ட விட்ரிஃபைடும் அருகருகே நிற்கும். இரண்டின் முகத்திலும் ஒரே மார்பிள் கோடுகளை அச்சிட்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்து எது எதுவென்று சொல்வது கடினம். திருப்பிப் போட்டு முதுகில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். சுவர் செராமிக் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் குடித்துவிடும். ஈரம் பட்ட இடம் நிறம் மாறி நிற்கும். விட்ரிஃபைடின் மேல் தண்ணீர் அப்படியே நிற்கும். துடைத்தால் சுவடு தெரியாது.

டைல்ஸுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15622 இந்தக் குணத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறது. சுவருக்கென்று வரும் செராமிக் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும். விட்ரிஃபைடு 0.5 சதவீதத்தைத் தாண்டாது.

சிமென்ட் எப்படிப் பிடிக்கிறது என்பது இங்கேதான் இருக்கிறது. செராமிக்கின் முதுகு முழுக்க நுண்துளைகள். சிமென்ட் பால் அவற்றுக்குள் இறங்கி, உள்ளேயே இறுகி, வேர்விட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். டைல்ஸ் காய்ந்திருந்தால் கலவையின் ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு சிமென்டைப் பொடியாக்கிவிடும் என்பதால் முதலில் ஊற வைக்கிறோம். விட்ரிஃபைடில் துளையே கிடையாது. வேர் இறங்க இடமில்லை. ஊற வைத்தால் ஒன்றும் உள்ளே போகாது. கலவைக்கும் டைல்ஸுக்கும் நடுவில் ஒரு நீர்ப்படலம்தான் மிஞ்சும்.

இப்போது எடையைப் பாருங்கள். பழைய 12-க்கு 18 அங்குல செராமிக் ஒன்று சுமார் 2 கிலோ. 9 மி.மீ. கனமுள்ள இரண்டுக்கு நான்கு விட்ரிஃபைடு ஒன்று சுமார் 15 கிலோ. துளையுள்ள 2 கிலோவைத் தாங்குவதற்கென்று இருந்த முறையில், துளையில்லாத 15 கிலோவைச் சுவரில் நிறுத்துகிறோம். அதன் மேல் தினமும் கீசர் தண்ணீர் விழுகிறது. சுடும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, பிடிப்பு மெல்ல விட்டுப்போகிறது.

ஹொரமாவு வீட்டில் விழுந்தது விடியற்காலையில். வெடிச் சத்தம்போலக் கேட்டு அந்த அம்மா எழுந்து ஓடியிருக்கிறார். ஒரு முழு டைல்ஸ், ஆறடி உயரத்திலிருந்து விழுந்து, கீழே இருந்த குழாயையும் உடைத்திருந்தது. நான் போய் அதன் முதுகைப் பார்த்தேன். கடையிலிருந்து வந்த அன்று இருந்ததுபோலவே சுத்தமாக இருந்தது. சிமென்ட் முழுவதும் சுவரில், டைல்ஸின் முதுகு வரிகளை அச்சு எடுத்ததுபோல நின்றது. மற்ற டைல்ஸைக் கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் காலிப் பானைச் சத்தம். அவர்களுடைய ஆறு வயதுப் பையன் ஒரு மணி நேரம் கழித்து அங்கே குளிக்க நின்றிருப்பான். அந்த நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.

அத்தனையையும் உரித்தோம். உரித்தபோது பூச்சு பெயர்ந்தது. வாட்டர் புரூஃபிங் கிழிந்தது. குழாய் வேலை மறுபடியும். அந்த டிசைன் கடையில் நின்றுபோயிருந்ததால் நான்கு சுவருக்கும் புதிது வாங்க வேண்டியதாயிற்று. இவ்வளவும் எதை மிச்சம் பிடிக்க? நான்கைந்து பை டைல்ஸ் பசை. சில ஆயிரம் ரூபாய்.

“அல்சூரில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் முப்பது வருடமாக சிமென்டில்தான் நிற்கிறது, ஒன்றும் விழவில்லையே” என்று எதிர்க்கேள்வி வரும். விழாது. அது சின்ன செராமிக். அந்த மேஸ்திரி அந்தப் பொருளுக்குரிய முறையில் ஒட்டினார். பொருள் மாறிவிட்டது, முறை மாறவில்லை.

மேஸ்திரிகள் பசையை ஏன் தவிர்க்கிறார்கள் என்பதற்கு வெளியே சொல்லாத ஒரு காரணம் உண்டு. பசை சில மில்லிமீட்டர் கனத்தில்தான் பரவும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நம் சுவர்களில் பல ஓர் அங்குலம் விலகியிருக்கும். சிமென்ட் கலவை என்றால் அந்தக் கோணலை அப்படியே நிரப்பி மறைத்துவிடலாம். பசைக்குச் சுவர் முதலில் தூக்கு சரியாக இருக்க வேண்டும். ஆகவே டைல்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, பூச்சு வேலை நடக்கும்போதே, சுவருக்கு எது வரப்போகிறது என்று முடிவுசெய்து பூசுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

விட்ரிஃபைடுதான் வேண்டும் என்றால்: ஐ.எஸ். 15477 என்று அச்சிட்ட பசையை வாங்குங்கள். அதில் வகை 1 சாதாரண செராமிக்குக்கானது. பெரிய விட்ரிஃபைடைச் சுவரில் ஏற்ற அதற்கு மேற்பட்ட வகை வேண்டும். பையின் பின்புறத்தில் எந்த டைல்ஸுக்கு, எந்த அளவுக்கு என்று எழுதியிருக்கும். 20 கிலோ பை 3 மி.மீ. கனத்தில் சுமார் 50 சதுர அடிக்கு வரும். பெரிய டைல்ஸுக்குக் கனம் கூடும், பையும் கூடும். டைல்ஸின் முதுகில் சூளையில் ஒட்டாமலிருக்கத் தடவிய வெள்ளைப் பொடி இருக்கும். அதை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். பல் வைத்த கரண்டியால் சுவரிலும் வாரி, டைல்ஸின் முதுகிலும் ஒரு பூச்சுக் கொடுங்கள். நடுவில் நான்கு உருண்டை வைத்து அழுத்துவது வேண்டாம்; மூலைகள் காலியாக நின்று, டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடுக்கில் இறங்கும் தண்ணீர் அங்கே தங்கும். முதல் இரண்டு டைல்ஸை ஒட்டிய கையோடு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை பட்டிருக்க வேண்டும்.

பசைக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் செராமிக்கே எடுங்கள். குளியலறைச் சுவருக்கு அது எந்த விதத்திலும் தாழ்ந்த பொருள் இல்லை. சுவரில் யாரும் நடப்பதில்லை. தரைக்கு வேண்டிய உறுதி அங்கே தேவையில்லை.

ராமமூர்த்தி நகர்த் தம்பி கலவையை வெளிச்சுவர்ப் பூச்சுக்கு மாற்றிவிட்டார். வீட்டுக்காரரிடம் நான் பேசினேன். மறுநாள் பசை வந்தது.

தரைக்கும் அதே பெரிய டைல்ஸ்

குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். 80-க்கு 1 என்று வைத்தால் ஆறடி நீளத்தில் கிட்டத்தட்ட ஓர் அங்குல இறக்கம். தண்ணீர் நான்கு பக்கத்திலிருந்தும் நானி டிராப்புக்கு, அதாவது தரையிலுள்ள வடிகால் வாய்க்கு, இறங்க வேண்டும். பெரிய டைல்ஸ் நான்கு பக்கமும் சரிந்து கொடுக்காது, வெட்டினால்தான் உண்டு. வெட்டாமல் போட்டுவிட்டு, மூலையில் தேங்கும் தண்ணீரை வாழ்நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. ஒன்றுக்கு ஒன்று அடி, அதற்கும் சிறியது இன்னும் நல்லது. இடுக்குகள் அதிகமானால் காலுக்குப் பிடிப்பும் கூடும்.

போர்வெல் தண்ணீருக்குக் கறுப்பு மேட்

காவிரிக் குழாய் வராத பகுதிகளில் போர்வெல் அல்லது டேங்கர்தான். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம். கறுப்பு, அடர்சாம்பல் மேட் (பளபளப்பில்லாத) டைல்ஸில் ஒரு மாதத்திலேயே வெள்ளைத் திட்டுகள் படியும். பிறகு ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். ஆசிட் சுண்ணாம்பைத் தின்பதுபோலவே இடுக்கிலுள்ள சிமென்டையும் தின்றுவிடும். கறை போன இடத்தில் கசிவு வரும். மாதிரி டைல்ஸ் ஒன்றை வாங்கிவந்து, உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெளித்து, துடைக்காமல் ஒரு வாரம் காயவிட்டுப் பாருங்கள். வெளிர் மணல் நிறமோ சாம்பல் கலந்த வெள்ளையோ இந்த ஊர்த் தண்ணீருக்கு ஒத்துவரும்.

அடுப்புக்குப் பின்னால் மேடுபள்ள டைல்ஸ்

தாளிக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சமையலறை இடுக்குக்கு வெள்ளை சிமென்ட்

மஞ்சள் ஏறினால் இறங்காது. எபாக்ஸி (பிசின் கலவை) போடுங்கள், குறைந்தது மேடைக்கு மேலுள்ள சுவருக்காவது. எபாக்ஸி இறுகுவதற்குள் டைல்ஸின் முகத்தைத் துடைத்துவிட வேண்டும். சொரசொரப்பான டைல்ஸ் என்றால் இரண்டு முறை.

இடுக்கே இல்லாமல் ஒட்டச் சொல்வது

குறைந்தது 2 மி.மீ. விடுங்கள். இதில் மேஸ்திரியிடம் பேரம் வேண்டாம்.

சரியாக எண்ணி வாங்குவது

குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் ஒவ்வொரு சூளை ஈட்டுக்கும் நிறம் ஒரு நூலிழை மாறும், அளவும் மாறும். பெட்டியின் மீதுள்ள ஷேட் எண் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். ஒட்டிய பிறகு எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். மீந்த பெட்டியைப் பரணில் ஏற்றும்போது எண் தெரிகிற பக்கம் வெளியே இருக்கட்டும்.