கொங்கில் தொடக்கப் பள்ளி கட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒரே வரைபடத்தை எல்லா ஊருக்கும் போடுவதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது. செம்மண்ணில் நின்ற கட்டடம் சூலூர், பல்லடம் பக்கத்துக் கரிசலில் அப்படியே நிற்காது. கரிசல் கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதும். மூன்றடி அஸ்திவாரத்தோடு நிறுத்தினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பட்டி பார்த்து வெள்ளையடித்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

சித்திரை வெயிலிலேயே இரண்டு மூன்று இடத்தில் குழி வெட்டி, வெடிப்பு எத்தனை ஆழம் போகிறது என்று பாருங்கள். அஸ்திவாரம் அதற்கும் கீழே இறங்க வேண்டும். வழக்கமாகப் போடுவது அடியில் குமிழ்போல் விரியும் கான்கிரீட் தூணான அண்டர்ரீம்டு பைல், சுமார் 3.5 மீட்டர் ஆழம். பைல் மேல் ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 3 அங்குலம் காலியாக விடுவது, ஊதும் மண் பீமைத் தூக்கிவிடாமல் இருக்கத்தான். அதில் மண்ணைக் கொட்டிக் கெட்டித்துவிட்டால் பைலுக்குச் செய்த செலவு வீண். சுவரைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். வேம்பைச் சுவரை ஒட்டி நட வேண்டாம். வேர் ஈரத்தை இழுத்து அந்த மூலையை மட்டும் இறக்கிவிடும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளையே சுற்றுகிறது. மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் ஆடியில் புழுதி, பங்குனியில் சாயங்கால வெயில். கடைசியில் அது வருடம் முழுக்கச் சாத்தியே கிடக்கும். கட்டடத்தைக் கிழமேலாக நீட்டி, வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல்களை எதிரெதிராக வையுங்கள். மேற்கே படிக்கட்டும் ஸ்டோர் ரூமும் போதும். சமையல்கூடத்தையும் கழிப்பறையையும் மேற்கில் வைத்தால் புகையும் நாற்றமும் நேரே வகுப்பறைக்குள்தான்.

சோமனூர், மங்கலம் போன்ற தறி ஊர்களில் துளை துளையாக விட்டுக் கட்டும் ஜாலிச் சுவர் வேண்டவே வேண்டாம். போட்டோவில் அழகாக இருக்கும். காற்று நுழையும் துளையில் தறிச் சத்தமும் நுழையும். தறிக்கூடத்தைப் பார்த்த பக்கம் துளையில்லாத 9 அங்குலச் சுவர், அதை ஒட்டி ஆசிரியர் அறை. ஒன்றாம் வகுப்பு எதிர்க்கோடியில் இருக்கட்டும்; லகர ளகரம் காதில் விழாத பிள்ளை எப்படி எழுதும்?

சாய்தளத்தைக் கடைசியில் ஒட்டவைப்பதும் வழக்கமாகிவிட்டது. 12-க்கு 1 சரிவு என்றால் இரண்டடி உயரத் தரைக்கு 24 அடி நீளம் வேண்டும். முதல் வரைபடத்திலேயே இடம் விடாவிட்டால், சக்கர நாற்காலி ஏறாத செங்குத்துச் சறுக்குதான் கிடைக்கும். படி உயரம் 6 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

நுழைவு வளைவு எடுப்பாகத் தெரியட்டும் என்று வாசலை மெயின்ரோட்டில் வைக்காதீர்கள். பக்கத்தில் சந்து இருந்தால் அங்கே வையுங்கள். பனியன் கம்பெனி வேன்கள் பறக்கும் நேரமும் பள்ளி நேரமும் ஒன்று.